தாய்மாமன் கொண்டுவந்த மேளம்

மேட்டூர் அணை,
19-1-1958

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கை இன்பமேரிக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று இன்று காலைப் பூசையில் தீர்மானித்து இதை எழுதுகிறேன். நலம் விசாரிப்பதைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கிறேன். கோபமாக எழுதப்போகிறவன் முதல் வரியில் சுகமா என்று கேட்பது பொய்.

உன் மகள் அன்னாளை ஆத்தூர் ஜவ்வரிசி மில்காரர் செபஸ்தியான் மகனுக்கு நிச்சயம் செய்திருப்பதாக ஈரோடு பஸ்ஸில் யாரோ சொல்லி நான் தெரிந்துகொண்டேன். தாய்மாமனுக்குச் செய்தி பஸ்ஸில் வருகிறது. என் மகன் ராயப்பன் முறைப்பையன். அவனுக்கு வேலை கிடைத்து ஒரு வருடம் ஆகிறது. வேண்டாம் என்றால் அதையாவது என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். உன் வீட்டுக்காரர் லாசர் ஞானஸ்நான விருந்தில் பத்துப் பேர் நடுவில் சொன்னாராம்: "வாத்தியார் ஊட்டுக்கா? சாக்பீஸ் தூளை உலையில போட்டா கஞ்சி ஆவுமா?" எல்லோரும் சிரித்தார்களாம். அவர் லாரி முதலாளி, சிரிக்கத்தான் செய்வார்கள்.

அப்பாவின் அடக்கமும் நினைவுக்கு வருகிறது. வீட்டிலிருந்து கல்லறை வரை பாட்டெடுத்துத் தொண்டை கட்டியவன் நான். சேலத்துப் பெரிய பேண்டு வைத்தவர் என்று பேர் வாங்கியவர் லாசர்.

நீயும் குழந்தைகளும் சுகமென்று நம்புகிறேன். எனக்குப் பழைய வயிற்றுவலிதான்.

உன் அண்ணன்,
சவரிராயன்

•

சேலம்,
2-2-1958

அன்புள்ள அண்ணனுக்கு இன்பமேரி பணிவாய் எழுதுவது. இங்கே தேவதாயார் புண்ணியத்தில் எல்லோரும் சுகம். உங்கள் வயிற்றுவலிக்கு வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொல்லி அண்ணியிடம் போன தடவையே சொன்னேன், கொடுக்கிறார்களா?

உங்கள் கடிதத்தை நான் மட்டும் படித்தேன். அவர் சொன்னது தப்பு. நாலு பேர் இருந்தால் அவருக்கு வாய் நிற்காது. ராயப்பனை நான் வேண்டாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. வீட்டில் என் பேச்சு எவ்வளவு தூரம் எடுபடும் என்று உங்களுக்குத் தெரியும்.

கல்யாணம் ஈஸ்டர் கழித்து மே 14, புதன்கிழமை, எங்கள் கோயிலில். அண்ணா, நீங்கள் வராமல் இருந்துவிடாதீர்கள். தாய்மாமன் சீர் கொண்டுவந்து, மேளம் வைத்து, பெண்ணின் கையைப் பிடித்துக் கோயில் வாசல் வரை அழைத்துப் போவது உங்கள் முறை. மேளத்தைத் தானே ஏற்பாடு செய்வதாக அவர் சொன்னார். "அது எங்கண்ணன் வெக்க வேண்டியது. அதுல நீங்க தலையிடாதீங்க" என்று நான் முதல் தடவையாகச் சத்தம் போட்டேன்.

அன்னாள் உங்களைக் கேட்டதாக எழுதச் சொல்கிறாள். மாமா கோபமாக இருக்கிறாரா என்று மூன்று தடவை கேட்டாள்.

தங்கை,
இன்பமேரி

•

மேட்டூர் அணை,
23-3-1958

அன்புத் தங்கைக்கு,

சுகம். நீங்கள் யாவரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பரீட்சைத் தாள்கள் வந்து குவிந்துவிட்டன. தலைமையாசிரியர் பதவியை என்னைவிட எட்டு வயது இளையவனுக்குக் கொடுத்தவர்கள், தாள் திருத்தும் வேலையை மட்டும் என்னிடம் கொடுக்கிறார்கள்.

வருகிறேன். என் முறையைச் செய்கிறேன். மேளமும் பேசிவிட்டேன். லாசர் எதிர்பார்க்கிற மாதிரி சரிகைத் தொப்பி வைத்த பன்னிரண்டு பேர் வரமாட்டார்கள். இங்கே சந்தைப் பக்கம் வேலுசாமி என்று ஒருவன் இருக்கிறான். மொத்தம் நான்கு பேர், ஒரு கிளாரினெட், ஒரு ஊதுகுழல், இரண்டு டிரம். மற்றவர்கள் கேட்பதில் பாதிக்கும் குறைவாகக் கேட்டான். என் சக்திக்கு இதுதான்.

போன ஞாயிறு அவனை வரச்சொல்லி வாசித்துக் காட்டச் சொன்னேன். "ஏனுங்க சாமி, வேதக்காரங்க ஊர்வலப் பாட்டு ஒண்ணு எங்க வாத்தியார் எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காருங்க. அவரு கரூர்ல செத்துப்போனாரு. வாசிக்கட்டுங்களா?" என்றான். உன் அண்ணி உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும்தான் கேட்டேன். மூச்சு அறாமல் வாசிக்கிறான், சுருதி சுத்தம். எனக்குத் திருப்திதான்.

அன்னாளுக்கு என் ஆசீர்.

சவரிராயன்

•

சேலம்,
10-4-1958

அன்புள்ள அண்ணனுக்கு, கார்டில் இடம் இல்லாததால் சுருக்கமாக. எல்லோரும் சுகம். மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை கோயிலில் வாசித்தாகிவிடும், தடை ஒன்றும் வராது.

நான்கு பேர் மேளம் என்றதும் அவர், "உங்கண்ணன் பள்ளிக்கூடத்துல மணியடிக்கிறவனையே கூட்டிட்டு வந்துருவாரு பாரு" என்றார். மாப்பிள்ளை வீட்டார் பெரிய இடம், குறைவாக நினைப்பார்களே என்று கவலை. நான் சொன்னேன்: எங்கண்ணன் கோயிலில் இருபது வருடம் பாடற் குழுவை நடத்தினவர். பாட்டில் அவர் தப்பு விடமாட்டார்.

இன்பமேரி

•

சேலம்,
20-5-1958

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு எப்படி இருக்கிறது? பந்தியில் உட்காராமலே பஸ் ஏறிவிட்டீர்கள். வயிற்றுவலியா என்று தேடினேன். சீர்த் தட்டுகளை அண்ணிதான் கூடத்தில் இறக்கிவைத்தார்கள்.

நீங்கள் முன்னால் அன்னாளோடு நடந்தீர்கள். நான் பின்னால் வந்ததால் நான் பார்த்ததை எழுதுகிறேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது அந்த ஆட்கள் சினிமா மெட்டு ஏதோ வாசித்தார்கள், நன்றாகத்தான் இருந்தது. தெருமுனை திரும்பிக் கோயில் கோபுரம் தெரிந்ததும் டிரம் மெதுவாகிவிட்டது. கிளாரினெட் அந்தப் பாட்டை எடுத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போகும்போது நாம் பாடுகிற பாட்டு.

தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். குழாயடியில் இருந்த பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுச் சிலுவை போட்டார்கள். பட்டுப்புடவை கட்டி மாலை போட்ட பெண் நடுவில் போகிறாள், தெருவே பிணத்துக்கு நிற்கிற மாதிரி நிற்கிறது. அவர் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் கோயில் வாசல் வந்துவிட்டது.

பெண்ணை எதிர்கொள்ள வாசற்படியில் சம்பந்தியம்மா மரியபுஷ்பம் நின்றிருந்தார்கள். போன செப்டம்பரில் அவர்கள் மூத்த மகனைக் காய்ச்சலில் பறிகொடுத்தார்களே, அவனை இதே பாட்டோடுதான் கொண்டுபோனார்களாம். படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். "எம்புள்ளைய மறுபடியும் தூக்கிட்டு வாராங்களா?" என்று ஒரே ஒரு வார்த்தை. பங்குச் சாமியார் வந்து சமாதானம் சொல்லி, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தாலி கட்டியது.

அவருடைய லாரி ஆட்கள் வேலுசாமியைக் கோயில் பின்புறம் இழுத்துப்போய் அடித்துவிட்டார்கள். கிளாரினெட்டைச் சுவரில் அடித்து உடைத்தார்கள். "வாத்தியாரய்யாவைக் கேளுங்க, வாத்தியாரய்யாவைக் கேளுங்க" என்று அவன் கத்தினானாம். அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

அண்ணா, அந்தப் பாட்டு உங்களுக்குக் கேட்கவில்லையா?

இன்பமேரி

•

மேட்டூர் அணை,
29-6-1958

அன்புத் தங்கைக்கு,

இங்கே யாவரும் சுகம். இன்று ராயப்பனுடைய திருநாள். பூசை முடிந்து வந்து எழுதுகிறேன். இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் ஒன்றுமில்லை. பள்ளி திறந்த வேலைகள்.

நீ கேட்டிருந்தாய். முன்னால் நடப்பவனுக்கு டிரம் சத்தம்தான் கேட்கும். பட்டாசு வேறு. பெண்ணின் புடவைத் தலைப்பு காலில் மாட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தேன். கூலிக்கு வாசிக்கிறவனுக்குக் கல்யாணப் பாட்டு எது, அடக்கப் பாட்டு எது என்று என்ன தெரியும்? மலிவாக ஆள் பிடித்தால் இப்படித்தான் ஆகும். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். என்னை வாத்தியார், வாத்தியார் என்று இளப்பமாகப் பேசியவர்கள் வாத்தியார் சக்திக்கு எட்டிய மேளத்தைத்தானே எதிர்பார்த்திருக்க வேண்டும்?

அடித்தது தவறு. அவனுடைய கருவி அவன் பிழைப்பு.

சம்பந்தியம்மாவுக்குக் காலப்போக்கில் மறந்துவிடும். அன்னாள் ஆத்தூரில் சந்தோஷமாக இருக்கிறாள் அல்லவா?

சவரிராயன்

•

மேட்டூர் சந்தைப்பேட்டை,
12-8-1958

மேட்டூர் அணை சவரிராயன் வாத்தியார் சாமி அவர்களுக்கு, பேண்டு வேலுசாமி கும்பிட்டுச் சொல்ல, டிரம் அடிக்கிற காளியண்ணன் எழுதறதுங்க.

நாங்க நல்லா இருக்கறமுங்க, சாமி நல்லா இருக்கோணும். ரெண்டு தடவை ஊட்டுப் பக்கம் வந்தேனுங்க. சாமி உள்ள படுத்திருக்கறதா அம்மா சொன்னாங்க. அதான் காயிதம்.

சேலத்துல நடந்தது இங்க வரைக்கும் வந்துருச்சுங்க. கல்யாண ஊட்டுல எழவு வாசிச்சவன்னு பேரு. ஆவணி பொறக்கப்போவுது, ஒருத்தரும் கூப்புடலைங்க. போன வாரம் ஒரு காதுகுத்து ஊட்டுல போய் நின்னேன். "நீ வேண்டாம்ப்பா, புள்ள நல்லா இருக்கட்டும்"னு வாசல்லயே திருப்பி உட்டுட்டாங்க.

அது எழவுப் பாட்டுன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. எங்க வாத்தியார் ஊர்வலப் பாட்டுன்னுதான் சொன்னாரு. அன்னிக்கு உங்க ஊட்டுல வாசிச்சுக் காட்டிட்டு நானே கேட்டனுங்களே, "கொஞ்சம் இழுவையா இருக்குதுங்க, கல்யாணத்துக்கு ஆவுமுங்களா?"ன்னு. சாமி இன்னொருக்கா வாசிக்கச் சொன்னீங்க. அப்பறம், "ஆகும். கோயில் தெரியற எடத்துல இதை எடு"ன்னு சொன்னீங்க. காளியண்ணனும் பக்கத்துலதான் இருந்தான்.

படிச்சவங்க நீங்க. ஏதோ மறதியில சொல்லியிருப்பீங்க. நான் உங்க மேல குத்தம் சொல்ல வல்லைங்க. வேலுசாமி சொன்னதைத்தான் வாசிச்சான்னு ஒரு காயிதம் எழுதிக் குடுத்தீங்கன்னா அதை நாலு பேருகிட்டக் காட்டிப் பொழைச்சுக்குவேன். வேற ஒண்ணும் கேக்கலைங்க.

கும்புடறேனுங்க.

வேலுசாமி (கைநாட்டு)

•

சேலம்,
9-11-1958

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சுகமா? இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

போன மாதம் சம்பந்தி செபஸ்தியான் மில்லில் நின்றுகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். தந்தி கொடுத்தேன், நீங்கள் வரவில்லை. அடக்கத்தில் அந்தப் பாட்டை எடுத்ததும் சம்பந்தியம்மா எல்லோர் நடுவிலும் அன்னாளைத் திரும்பிப் பார்த்தார்களாம். அன்றிலிருந்து அவளை அடுப்படிக்குள் விடவில்லை. "சாவு மேளத்தோட வாசப்படி ஏறுனவ. எம்புருசனைக் கூப்புட வந்தவ" என்று வேலைக்காரி ஆராயியிடம் அவள் காதுபடச் சொல்கிறார்களாம். கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்த கையோடு பெட்டி படுக்கையோடு இங்கே அனுப்பிவிட்டார்கள்.

அவள் முழுகாமல் இருக்கிறாள், ஐந்து மாதம். பிரசவத்துக்குத் தாய் வீடு வருவது வழக்கம்தான். ஆனால் மரச்சீப்பு முதற்கொண்டு கொடுத்தனுப்புவது வழக்கமில்லையே. மாப்பிள்ளை சூசைநாதன் வாரம் ஒரு தடவை வருகிறார், தெருவிலேயே நின்று பேசிவிட்டுப் போகிறார். "அம்மா மனசு மாறட்டும்" என்கிறார்.

பங்குச் சாமியார் போய்ச் சொல்லிப் பார்த்தார். "அது ஆண்டவர் காட்டுன குறி, சாமி. இல்லாட்டி அத்தனை பாட்டுல அந்தப் பாட்டு எப்படி அவன் வாயில வரும்?" என்று கேட்டார்களாம். சாமியார் அப்படியே திரும்பி வந்துவிட்டார்.

அவர்களுக்கு நான் என்ன சொல்வது, அண்ணா? பிறக்கப்போகிற பிள்ளையையும் அப்படித்தான் பார்ப்பார்களா?

இன்பமேரி

•

மேட்டூர் அணை,
30-11-1958

அன்புத் தங்கைக்கு,

சுகம். உன் கடிதம் கிடைத்தது. துக்கத்துக்கு வர முடியாமல் போனது, காய்ச்சல். எல்லாம் ஆண்டவர் சித்தம். பொறுமையாயிரு. கிறிஸ்துமஸுக்கு வந்து நேரில் பேசுகிறேன்.

சவரிராயன்

•

சேலம்,
6-1-1959

அன்புள்ள மாமாவுக்கு அன்னாள் வணக்கமாய் எழுதுவது.

கிறிஸ்துமஸுக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். அம்மா உங்களுக்குப் பிடிக்கும் என்று அதிரசம் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். வரவில்லை. உடம்பு சுகந்தானே? எனக்குக் கால் கொஞ்சம் வீங்குகிறது. மற்றபடி சுகம். இந்தக் கடிதம் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

மாமா, கோயில் தெரு திரும்பியதும் பாட்டு மாறியதே, அப்போது நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டு என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்தீர்கள். வளையல் நெரிந்து இரண்டு நாள் கன்றிப்போயிருந்தது.

தாத்தா அடக்கத்தில் நீங்கள் அந்தப் பாட்டை எடுத்தபோது பக்கத்தில் நின்று இரண்டாம் அடி பாடியவள் நான். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். மாமாவுக்குக் கேட்கவில்லை என்று அம்மா எல்லோரிடமும் சொல்கிறார்கள். நானும் மறுத்துப் பேசுவதில்லை.

நான் எதையும் கேட்க இதை எழுதவில்லை. அந்தக் கை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. எழுதினால் போய்விடும் என்று தோன்றியது.

அத்தைக்கும் ராயப்பன் அத்தானுக்கும் என் அன்பு.

அன்னாள்

•

25-1-1959

ஆத்தூர், மரியபுஷ்பம் அம்மாள் அவர்களுக்கு,

தாங்கள் சுகமாயிருக்க வேண்டுகிறேன். தங்கள் துக்கத்தில் வந்து நிற்கும் யோக்கியதை இல்லாதவன் எழுதுவது.

தாங்கள் பங்குச் சாமியாரிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள்: அத்தனை பாட்டில் அந்தப் பாட்டு எப்படி அவன் வாயில் வந்தது என்று. அதற்குப் பதில் எனக்குத் தெரியும். அது குறி அல்ல. ஆண்டவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு மனிதன் செய்தான்.

பெண்ணின் தகப்பனாரை அவமானப்படுத்த வேண்டும் என்று முதலில் நினைத்தான். அதற்காகவே கிடைத்ததில் மலிவான மேளத்தைத் தேடிப் பிடித்தான். ஊர் சிரித்தால் போதும் என்பதுதான் எண்ணம். வாசித்துக் காட்டச் சொன்னபோது, அந்த அப்பாவி இரண்டு அடி வாசித்ததுமே அது என்ன பாட்டு என்று தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு ஆகுமா என்று அவன் கேட்டான். ஆகாது என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆகும் என்று சொன்னான். எங்கே எடுக்க வேண்டும் என்றும் சொன்னான். லாசரின் முகம் கறுக்கும், நாலு பேர் முணுமுணுப்பார்கள், அதோடு முடியும் என்று நினைத்தான். தாங்கள் அந்தப் படியில் நிற்பீர்கள் என்று நினைக்கவில்லை. தங்கள் மூத்த மகன் நினைவு வரவில்லை. வந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின செப்டம்பரில் ஆத்தூருக்கு வந்து அந்தப் பெட்டிக்குப் பின்னால் நடந்தவர்களில் அவனும் ஒருவன்.

தெருமுனையிலிருந்து கோயில் வாசல் வரை இருநூறு அடி இருக்கும். ஒவ்வொரு அடியிலும் கையை உயர்த்தி நிறுத்தியிருக்கலாம். பக்கத்தில் வந்த பெண் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு வேலை சுலபமாக இருந்தது. மலிவான மேளம், விவரம் தெரியாத கூலிக்காரன் என்றால் எல்லோரும் நம்பிவிட்டார்கள். அந்தப் பேச்சுக்குப் பின்னால் எட்டு மாதம் ஒளிந்திருந்தான். அதற்காக ஒருவன் அடிபட்டான். அவன் பிழைப்பு போயிற்று. தங்கள் மருமகள் பெட்டியோடு வெளியே அனுப்பப்பட்டாள். தங்கள் கணவரை எந்தப் பாட்டும் கூப்பிடவில்லை, அம்மா. அன்னாள் தங்கள் வாசற்படி ஏறும்போது அவளோடு வந்தது சாவு அல்ல. அவள் கையைப் பிடித்திருந்தவனின் வன்மம்தான் வந்தது. அதை அவள் தலையில் வைக்காதீர்கள். மார்ச்சில் பிறக்கும் பிள்ளையின் தலையிலும் வைக்காதீர்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் தங்கள் ஊர்க் கோயிலில், தங்கள் மடியில் வைத்து நடக்க வேண்டும்.

இதற்கு மொட்டைக் கடிதம் என்று பேர். குடும்பத்தைக் கெடுக்க எழுதுவது அது. தாங்கள் இதையும் அப்படி நினைத்து அடுப்பில் போட்டுவிடக்கூடாதே என்று, கையெழுத்துப் போடுவதற்காக மூன்று தடவை பேனாவை எடுத்தேன். போட்டால் இந்தத் தாள் ஒரு நாள் லாசர் கைக்குப் போகும். என் பெயரை என் கையாலேயே எழுதி அவரிடம் கொடுத்ததாக ஆகும். இத்தனைக்குப் பிறகும், அம்மா, அதற்கு மட்டும் மனம் இடம் கொடுக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

ஆகவே இதோடு இன்னொரு கடிதத்தை வைத்திருக்கிறேன். வேலுசாமி ஆகஸ்டில் எழுதியது. ஐந்து மாதமாக என் மேசையில் பூட்டிக் கிடந்தது. நான்காம் வகுப்புப் படித்தவன் எழுதித் தந்தது, ஆனால் பிழையில்லாத கடிதம். படித்த பிறகு இரண்டையும் அவனிடமே அனுப்பிவிடுங்கள், நாலு பேரிடம் காட்டிப் பிழைத்துக்கொள்வான். அதன் முதல் வரியில் ஒரு பெயர் இருக்கிறது. நான் எழுதாத பெயரை அவன் எழுதியிருக்கிறான்.

இந்தக் கடிதத்தின் கீழே இடம் காலியாகவே இருக்கட்டும். இப்படியே தபாலில் போடப் போகிறேன்.